சமையலறைப் பக்கம் இழுக்கும் ஃபேன்

ஜூன் 6

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம் என்று எழுதினால் பொய். நீ தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிய நாளிலிருந்து கேன்டீன் கேன்டீனாக இல்லை. உன் இடத்தில் வைத்த சமையல்காரர் பொரித்த முட்டையை நெட்டை டிரைவர் தட்டில் தூக்கிப் பிடித்து, "முதலாளி, இது சாப்பிடவா, டயருக்குப் பஞ்சர் ஒட்டவா?" என்று கேட்கிறார். டிப்போ முழுக்கச் சிரிக்கிறது. நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்ய.

ஃபோனில் பேசலாம்தான். ஆனால் இங்கே ஃபோன் இருப்பது டைம்கீப்பர் அறையில். அங்கே உன் தம்பி வீட்டு நடுக்கூடத்தில். பெண்டாட்டியிடம் "எப்ப வர்றே?" என்று கேட்பதற்கு இரண்டு பக்கமும் கூட்டம் கூட்டவேண்டாம் என்றுதான் கடிதம்.

நகரசபைக் கூட்டத்தைப் பற்றி உன்னிடம் உட்கார்ந்து பேசவே இல்லை. மறுநாள் காலையில் நீ பெட்டியைக் கட்டிவிட்டாய். வாதத்தில் நம் கட்சிதான் ஜெயித்தது, தெரியுமா? பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை போடட்டும், பூங்காவில் போடட்டும், ஆஸ்பத்திரியில் போடட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? டிப்போ கேன்டீனுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு வருகிற மனிதன் ஒரு டீ, ஒரு சிகரெட் என்று கால் நீட்டுகிறான். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவன் எங்கே போவான்? நான் இதைச் சொன்னபோது பின்வரிசையில் டிரைவர்கள் மேசையைத் தட்டினார்கள்.

ஆனால் கூட்டத்தைத் திருப்பியது அது இல்லை. முதலில் எக்ஸாஸ்ட் ஃபேன். என் கையால் சமையலறைச் சுவரில் மாட்டிய ஃபேன், கல்லாவில் உட்கார்ந்தபடியே கூட்டலாம், குறைக்கலாம், ஹாலில் ஒரு பொட்டுப் புகை நிற்காது என்று நான் விளக்கியதைக் கமிட்டித் தலைவி அம்மா குறித்துக்கொண்டார். அப்புறம் நீ. "இவங்க என் வீட்டுக்காரி. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல இருக்கிற பரிமாறுற ஜன்னல்ல காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் நிக்கிறாங்க. ஒரு நாள் இருமினதில்லை. நீங்களே கேட்டுப்பாருங்க" என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ எழுந்து நின்று தலையாட்டினாய். அவ்வளவுதான், எதிர்க்கட்சி உட்கார்ந்துவிட்டது.

முடிவு ஜூலை பதினைந்தாம் தேதி இரண்டாவது கூட்டத்தில். அதற்குள் நீ வந்துவிடவேண்டும். நீ பக்கத்தில் நின்றால் போதும், பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காய்ந்துபோன வயிற்றுடன்,
உன் வீட்டுக்காரர்


ஜூன் 13

கேன்டீன்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. எண்ணெய் காய்ந்தபிறகு முட்டையை ஊற்றச் சொல்லுங்கள். அவசரப்படுகிறார் என்று நினைக்கிறேன். தட்டு துடைக்கும் துணி மேல்பரணில் நீலப் பையில் இருக்கிறது. உங்கள் பனியனால் துடைக்கவேண்டாம்.

நம் கட்சி ஜெயித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. காலையில் "நல்லதா ஒரு துணி உடுத்திட்டு வா, சும்மா உக்காந்திருந்தா போதும்" என்றீர்கள். துணிக்கடை பொம்மையை வாசலில் நிறுத்துவதுபோல் எழுப்பி நிறுத்துவீர்கள் என்று சொல்லவில்லை. தலையாட்டினாள், பேசவில்லை என்று உங்களுக்குப் பெருமை. வாய்க்குள் மிட்டாய் இருந்தது. அதனால்தான் பேசவில்லை.

இங்கே தம்பி டாக்டரிடம் கூட்டிப்போனான். படம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து தந்திருக்கிறார்கள். தம்பி மனைவி என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள் என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும். நினைத்தபோதெல்லாம் புதினா மிட்டாய் கொண்டுவந்து நீட்டுகிறாள். ஏன் என்று இப்போது எழுத மனம் வரவில்லை.

பதினைந்தாம் தேதிக்கு வருவேனா என்று தெரியாது. நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

மாடி அறை ஜன்னலை மழை வந்தால் சாத்துங்கள்.


ஜூன் 22

அன்புள்ளவளுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று உன் தம்பி டைம்கீப்பர் அறைக்கு ஃபோன் போட்டான். டைம்கீப்பருக்கு ஒரு காது மந்தம், உனக்குத் தெரியுமே, எல்லாவற்றையும் ஸ்பீக்கரில்தான் போடுவார். அறையில் டிரைவர்கள், கண்டக்டர், தபால்காரர் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது உன் தம்பி குரல் கணீரென்று வருகிறது. "மாமா, அக்கா சிகரெட் பிடிக்குமாமே, உங்களுக்குத் தெரியுமா? டாக்டர்கிட்ட அதுவே ஒத்துக்கிச்சு. நுரையீரல்ல நிழல் தெரியுதுன்னு சொல்றாரு."

மானம் கப்பலேறிவிட்டது. எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கண்டக்டர் இருமுவதுபோல் சிரித்தார். நெட்டை டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். என்ன நினைத்தாரோ.

நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து யோசித்தேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வேலைக்கு நடுவே அடிக்கடி காணாமல்போவாய். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்கும். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும். பக்கத்தில் வந்தால் உன் தலைமுடியில் சிகரெட் வாசனை அடிக்கும். ஹாலிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று நானும் அப்பாவியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது எல்லாம் புரிகிறது.

போகட்டும். மனிதர்கள்தானே. நான் உன்னை மன்னித்துவிட்டேன். வேறு ஆண்பிள்ளையாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பான். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று உனக்குத் தெரியும்.

உன்னிடம் மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. நிழல் என்றதும் கேன்டீன் புகையால்தான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அப்படி இல்லை என்று ஆயிற்று. நீயாகப் பிடித்ததை நீயாக விட்டுவிட்டால் சரியாகிவிடும். தம்பி மனைவி தருகிற மிட்டாயைச் சாப்பிடு.

பதினைந்தாம் தேதி நீ வரவேண்டாம். தலைவி அம்மா காதுக்கு இந்த விஷயம் எட்டியிருந்தால் தர்மசங்கடம். ஃபேனை வைத்தே சமாளித்துவிடுவேன்.

இப்படிக்கு,
என்றும் உன்
வீட்டுக்காரர்


ஜூன் 29

மன்னித்தவருக்கு,

உங்கள் மன்னிப்பு வந்து சேர்ந்தது. மடித்து வைத்திருக்கிறேன். எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

டாக்டரிடம் நடந்ததைச் சொல்கிறேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "எத்தனை வருஷமா பிடிக்கிறீங்க?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "எதை?" என்றேன். "சிகரெட்." தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்காவா? தீப்பெட்டி உரசவே பயப்படும் சார்" என்றான். டாக்டர் சிரிக்கவில்லை. "அப்ப புகை இருக்கிற இடத்துல வேலையா?" என்று கேட்டார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஆமாம் என்றால் கேன்டீன். கேன்டீன் என்றால் நீங்கள். ஊரே கூடியிருந்த இடத்தில் ஒரு நாள் இருமினதில்லை என்று நீங்கள் சொல்லி, நான் தலையாட்டி, அது முடிந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. தம்பியை உங்களுக்குத் தெரியும். படத்தைத் தூக்கிக்கொண்டு நேரே நகரசபைக்குப் போயிருப்பான். உங்களை நாலு பேர் பொய்யன் என்று சொல்வதைவிட என்னைக் கெட்ட பழக்கக்காரி என்று சொல்லிக்கொள்ளட்டும் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. "நான்தான் பிடிக்கிறேன். யாருக்கும் தெரியாம" என்றேன். எப்போதிலிருந்து என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து என்றேன். அது ஒன்று மட்டும் பொய்யில்லை.

அன்றிலிருந்து இந்த வீட்டில் என் பிழைப்பைக் கேளுங்கள். தம்பி என் பையைக் கொட்டிச் சோதித்தான். சோதித்துவிட்டுத் துணிகளை அவனே மடித்துவைத்தான், அதுதான் தாங்கமுடியவில்லை. தம்பி மனைவி என் தலையணையை மோந்து பார்க்கிறாள். குளியலறையில் கொஞ்சம் நேரம் கூடினால் "அக்கா, உள்ளேதான் இருக்கீங்களா?" என்று கதவைத் தட்டுகிறாள். வேறு எங்கே இருப்பேன்? பக்கத்து வீட்டு அம்மாள் மாடியில் துணி காயப்போடும்போது என் பக்கத்தில் வந்து, "எனக்கும் ஒண்ணு குடுங்களேன், ஒரே ஒரு தடவை பாக்கணும்" என்று ரகசியமாகக் கேட்கிறாள். நீங்கள் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்று அடக்கிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் காதுக்குப் போனால், "அவளா? வாய்ப்பே இல்லை, வேறு ஏதோ இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மன்னித்துவிட்டீர்கள்.

பின்கதவு வழியாக நான் போனது இருமுவதற்கு. கூட்டத்தில் வாயில் மிட்டாய் போட்டிருந்ததும் இருமலை அடக்கத்தான். சமைக்கிறவள் ஜன்னலில் நின்று இருமினால் யார் சாப்பிடுவார்கள்? கைத்துண்டை மடித்து வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் ஓடமுடியாது. பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் குனிந்துகொள்வேன். சில நாள் துண்டையும் மீறிச் சத்தம் வந்துவிடும். அந்த நேரம் பார்த்து என் தலைக்குப் பின்னால் ஃபேன் வேகமெடுக்கும். அது போடுகிற இரைச்சலில் நான் செத்தாலும் ஹாலில் கேட்காது.

ரெகுலேட்டர் கல்லாவுக்கு மேலே சுவரில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் கை மட்டும்தான் அதற்கு எட்டும்.

முதலில் தற்செயல் என்று இருந்தேன். ஒரு நாள் சும்மா பொய்யாக இருமிப் பார்த்தேன். ஃபேன் கூடியது.

கூட்டினால் என்ன ஆகும் என்று எப்போதாவது யோசித்தீர்களா? ஹால் புகை எல்லாம் அந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்து, என் முகத்தைத் தாண்டித்தான் ஃபேனுக்குப் போகவேண்டும். ஹாலில் ஒரு பொட்டுப் புகை நிற்காது என்று சொன்னீர்களே, அது சத்தியம். நான் இருமுவேன், நீங்கள் கூட்டுவீர்கள், புகை இன்னும் வரும், நான் இன்னும் இருமுவேன்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. என் தலையை யாரும் பிடித்து ஆட்டவில்லை, நான்தான் ஆட்டினேன். அதை நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. டிரைவர்கள் பாடு எனக்கும் தெரியும். அவர்கள் சிகரெட் பிடிக்கட்டும். என் மூச்சில் பிடிக்கவேண்டாம் என்று அன்றைக்கு எழுந்து நின்றபோது சொல்லியிருக்கவேண்டும்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். உங்களுக்குக் கேட்டதா, இல்லையா?


ஜூலை 5

கேட்டது.

இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்குள் எத்தனையோ தாள்களைக் கிழித்துவிட்டேன். கிழித்ததில் எல்லாம் விளக்கம் இருந்தது. ஹாலில் புகை அதிகமாக இருந்ததால் கூட்டினேன், டைம்கீப்பர் கூட்டச் சொன்னார், பழக்கத்தில் கை போயிற்று என்று. எழுதிப் படித்தால் எனக்கே அசிங்கமாக இருந்தது.

காதுக்குக் கேட்கும். கை போகும். அதற்கு மேல் நான் யோசிக்கமாட்டேன். அடுத்த நிமிஷமே யாரிடமாவது சத்தமாக ஏதாவது கேட்பேன், இன்றைக்குக் கூட்டம் எப்படி, மழை வருமா என்று. இதெல்லாம் நடந்தபோது எனக்குத் தெரியவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். தெரிந்தது. ஒரு பெண்ணின் இருமலை மூடிவைக்கிறேன் என்று தெரிந்தது. அது யாருடைய இருமல் என்பதை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் பற்றவைக்கிற நேரத்தில், சமையல்காரரைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு நான் உன் இடத்தில் போய் நின்றேன். "ஃபேனை முழுசாக் கூட்டுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கூட்டினார். ஜன்னல் வழியாகப் புகை வரிசை கட்டி வந்தது. யாரோ இழுத்து உள்ளே விடுவதுபோல. ஒரு டீ ஆற்றுவதற்குள் கண் எரிந்து நீர் கொட்டியது. இருமல் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயைப் பொத்திக்கொண்டு, யாருக்காவது கேட்டதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் என் நாற்காலி கை நீட்டினால் தொடலாம் போல இருக்கிறது. கேட்காமல் இருக்க வழியே இல்லை.

வெளியே வந்தபோது சமையல்காரர் மெதுவாகச் சொன்னார்: "இதனாலதான் நான் இந்த மாசத்தோட நின்னுக்கிறேன் முதலாளி. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்." ஒரு மாதம்கூட நிற்கமுடியாத இடத்தில் உன்னைக் கல்யாணமான நாளிலிருந்து நிறுத்திவைத்திருந்திருக்கிறேன்.

என் முந்தைய கடிதத்தைத் திருப்பித் தா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதியதைவிட, நிம்மதி என்று எழுதினேனே, அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. உனக்கு நோய் என்ற செய்தி வருகிறது, என் மேல் பழி இல்லை என்று எனக்கு நிம்மதி. இப்படிப்பட்டவனோடு இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்திருக்கிறாய்.

பதினைந்தாம் தேதி நீ வா. அன்றைக்கு எந்த இடத்தில் உன்னை எழுப்பி நிறுத்தினேனோ அதே இடத்தில், எல்லோர் முன்னாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.


ஜூலை 10

கேன்டீன்காரருக்கு,

வரமாட்டேன். உங்களுக்காக ஒருமுறை அந்த மண்டபத்தில் எழுந்து நின்றது போதும். அன்றைக்கும் நான் பக்கத்தில் நிற்கவேண்டும், நீங்கள் பேசவேண்டும். இப்போதும் அதையேதான் கேட்கிறீர்கள்.

காலில் எல்லாம் விழவேண்டாம். அங்கே அழவும் அழாதீர்கள். நீங்கள் அழுதால் எல்லோரும் ஓடிவந்து உங்களைத்தான் தேற்றுவார்கள். செய்ததைச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

தம்பிக்கு இன்னும் தெரியாது. இன்று காலையிலும் மிட்டாய் வந்தது, வாங்கிக்கொண்டேன். அவனிடம் நான் சொல்லமாட்டேன். அது உங்கள் வேலை. ஃபோனில் வேண்டாம். டைம்கீப்பருக்கு இன்னொரு தடவை விருந்து வைக்கவேண்டாம்.

'கேட்டது' என்று எழுதினீர்களே, அதற்கு மட்டும் ஒரு வார்த்தை. மறைப்பீர்கள் என்று நினைத்தேன்.


ஜூலை 16

அன்புள்ளவளுக்கு,

நேற்றுக் கூட்டம் முடிந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

தலைவி அம்மா என் பெயரைக் கூப்பிட்டதும் பின்வரிசை டிரைவர்கள் போனமுறைபோலவே மேசையைத் தட்டினார்கள். "போன கூட்டத்துல என் வீட்டுக்காரி ஒரு நாள் இருமினதில்லைன்னு சொன்னேன். அது பொய். தினம் இருமுவா. அது வெளியில கேக்கக் கூடாதுன்னு நான் ஃபேனைக் கூட்டுவேன். அந்த ஃபேன் ஹால் புகையை எல்லாம் அவ மேலதான் இழுத்து விடும். இப்ப அவ நுரையீரல் கெட்டுப்போய்த் தம்பி வீட்டுல இருக்கா" என்றேன். அழவில்லை. நீ சொன்னதால் இல்லை, அழுகை வரவில்லை.

தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அன்னிக்கு அவங்க தலையாட்டினாங்களே?" என்று கேட்டார். "எனக்காக ஆட்டினா" என்றேன். கண்டக்டர் எழுந்து, "முதலாளி, உங்க வயித்துல நீங்களே அடிச்சுக்கிறீங்களா? விலக்கு இல்லன்னா யாரு உங்க கடைக்கு வருவா?" என்றார்.

அப்போது நெட்டை டிரைவர் எழுந்தார். அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறார் என்று நாலைந்து பேர் சிரிக்கத் தயாரானார்கள். "அக்கா இருமுறது எங்க எல்லாருக்கும் தெரியும். இருமும், உடனே ஃபேன் கூடும். ஒவ்வொரு தடவையும் சிகரெட்டை அணைச்சிடணும்னு தோணும். அணைக்க மாட்டேன். அதே அக்கா கையால டீயும் வாங்கிக் குடிப்பேன்" என்றார். உட்காராமல் அப்படியே நின்றார். டைம்கீப்பர் தன் இடத்தில் இருந்தபடி, "எனக்கே கேக்கும்" என்றார். ஒருவர் சிரித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தனை ஆம்பிளைகளும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

உன் இருமலை நீயும் நானும்தான் மறைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். டிப்போவே சேர்ந்து மறைத்திருக்கிறது.

விலக்கு இல்லை. கேன்டீன், பயணிகள் கூடம், டிக்கெட் கொடுக்குமிடம் எங்கும் தடை. பஸ் கழுவும் இடத்துக்கு அந்தப் பக்கம், மதிலோரம் ஒரு தகரக் கூரை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிடிக்கிறவர்கள் அங்கே போகவேண்டும். இன்றைக்கு ஹாலில் பாதி நாற்காலி காலி. கண்டக்டர் வாசலோடு போய்விட்டார், என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஃபேனைக் கழற்றிவிட்டேன். கழற்றும்போது நினைத்துப் பார்த்தேன், இதை முதலிலேயே ஹால் சுவரில் மாட்டியிருக்கலாமே, புகை அந்தப் பக்கமாகவே போயிருக்குமே என்று. அப்போது ஏன் மாட்டவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. ஹால் சுவரில் ஓட்டை போட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தேன்.

உன் தம்பிக்கு இதே தபாலில் தனியாக எழுதியிருக்கிறேன். ஒன்றையும் விடவில்லை. அவன் என்னை என்ன சொன்னாலும் தகும்.

உன்னை வரச்சொல்லி எழுத எனக்கு முகம் இல்லை.


ஜூலை 27

கேன்டீன்காரருக்கு,

தம்பி உங்கள் கடிதத்தைச் சமையலறை வாசலில் நின்று படித்தான். படித்துவிட்டு மாடிக்குப் போனவன் சாப்பாட்டுக்குத்தான் இறங்கிவந்தான். "ஏன்க்கா என்கிட்ட சொல்லல? உன் பையைப் போய்க் கொட்டினேனே" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். உங்கள் முகத்தில் விழிக்கமாட்டானாம். கொஞ்ச நாளைக்கு விழிக்கவேண்டாம், நானும் வற்புறுத்தவில்லை. தம்பி மனைவி மிட்டாய் டப்பாவை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னது தான்தான் என்று அழுதாள். அந்த அம்மாளுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

டாக்டரிடம் மறுபடி போனோம். தம்பியே எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தார். "சிகரெட் பிடிக்கிறேன்னு சொல்ல வெக்கமா இல்லையா?" என்று கேட்டார். "அது என்னோட வெக்கம், தாங்கிக்கலாம். இது வீட்டு வெக்கம்" என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார்.

கெட்டது கெட்டதுதானாம், திரும்பாதாம். இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். மருந்து நிறுத்தக் கூடாது. புகை கூடாது, அடுப்படியும் கூடாது, எண்ணெய் காய்கிற ஆவியும் எனக்கு ஆகாது. இருமல் குறையும், முழுக்கப் போகாது என்று சொல்லிவிட்டார்.

இங்கேயே இருந்துவிடு என்கிறான் தம்பி. இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் 'கேட்டது' என்று எழுதாமல் இருந்திருந்தால் இங்கேயே இருந்திருப்பேன்.

சனிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். சமையல்காரர் வேலையை விட்டு நின்றுகொண்டால் நல்லதாயிற்று, அடுப்படியில் நீங்கள் நில்லுங்கள். முட்டை எப்படிப் பொரிப்பது என்று நான் கல்லாவில் உட்கார்ந்தபடி சொல்லித்தருகிறேன். ரெகுலேட்டரை மட்டும் கழற்றவேண்டாம், சுவரில் அப்படியே இருக்கட்டும். கண்டக்டரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசவேண்டாம். டீ வேண்டும் என்றால் அவரே வருவார்.

கைத்துண்டை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். நான் இருமுவேன். ஹாலில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படிதான் இருமுவேன். அப்போது நீங்கள் ஓடிவரவேண்டாம், தண்ணீர் கொண்டுவரவேண்டாம், யாரிடமும் மழை வருமா என்று கேட்கவேண்டாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருங்கள்.